முதல் பங்கு வாங்கும் முன் பணத்துக்குத் தேதி குறியுங்கள்

சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் இருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது 27. சாங்கியில் சரக்கு கையாளும் நிறுவனம் ஒன்றில் வேலை, பெற்றோருடன் இருக்கிறார். கேள்வியைச் சுருக்கித் தருகிறேன்: “கையில் 18,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சேர்ந்திருக்கிறது. மாதம் 600 வெள்ளி மிச்சம் பிடிக்க முடிகிறது. இன்னும் மூன்று ஆண்டில் பிடிஓ (முன்பதிவின் பேரில் அரசு கட்டித் தரும்) வீட்டுச் சாவி வரும், அப்புறம் கல்யாணம். அம்மா தேக்காவில் நகை வாங்கிப் போடச் சொல்கிறார். கூட வேலை பார்ப்பவர் கைப்பேசிச் செயலியில் அமெரிக்கப் பங்கு வாங்கு என்கிறார். ஒரு டெலிகிராம் குழுவில் 9 விழுக்காடு ஈவுத்தொகை (நிறுவனம் லாபத்திலிருந்து பங்குதாரருக்குக் கொடுக்கும் பணம்) தரும் பங்கு ஒன்றைச் சொன்னார்கள். எனக்கு இதில் அரிச்சுவடியே தெரியாது. எந்தப் பங்கை வாங்குவது அண்ணா?”

தம்பி, நான் 1994 முதல் 26 ஆண்டுகள் ராஃபிள்ஸ் பிளேசில் ஒரு தரகு நிறுவனத்தில் ரெமிசியராக இருந்தேன். சம்பளம் கிடையாது, வாடிக்கையாளர் வாங்கி விற்றால் தரகில் ஒரு பங்கு எனக்கு. அந்த 26 ஆண்டுகளில் பணத்தைத் தொலைத்தவர்களை நிறையவே பார்த்திருக்கிறேன். அவர்களில் பாதிப்பேர் வாங்கியது நல்ல நிறுவனங்களின் பங்குதான். தேதி குறித்து வைத்திருந்த பணத்தைத் தேதி சொல்லாத இடத்தில் போட்டதுதான் அவர்களுக்கு வினையானது. அதனால் எந்தப் பங்கு என்பதைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். ஒரு தாள் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் 18,000 வெள்ளியைப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் பக்கத்தில் “இது எப்போது வேண்டும்” என்று எழுதுங்கள்.

நீங்கள் சொன்ன கணக்கை வைத்து நானே எழுதிப் பார்த்தேன். உங்கள் மாதச் செலவு, வீட்டுக்குக் கொடுப்பதையும் சேர்த்து, 1,500 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். வேலை போனாலோ அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்றாலோ ஆறு மாதம் தாக்குப்பிடிக்க 9,000 வெள்ளி வேண்டும். அதற்கான தேதி “நாளைக்கே கூட”. வீட்டுச் சாவி வரும்போது கையிலிருந்து கட்டவேண்டிய சில்லறைச் செலவுகள், புதுப்பிப்பு வேலைக்கான முன்பணம் என்று 6,000 வெள்ளி. தேதி மூன்று ஆண்டு. மிச்சம் 3,000. இந்த 3,000 வெள்ளிக்குத்தான் இப்போதைக்குத் தேதி இல்லை, பங்குச் சந்தைக்குப் போகத் தகுதியான பணமும் அதுதான். மாதம் மிச்சமாகும் 600இல் பாதியை வீட்டுக்கு ஒதுக்கினால், மீதி 300ஐ அதோடு சேர்க்கலாம். இவ்வளவுதானா என்று உங்களுக்குச் சப்பென்று இருக்கும். ஆனால் முதல் இரண்டு ஆண்டுகளில் நீங்கள் கற்கப்போகும் பாடங்களை 18,000 வெள்ளி போட்டுத்தான் கற்க வேண்டும் என்பதில்லை.

நாளைக்கே வேண்டியிருக்கும் பணம் வங்கியில் இருக்கட்டும். உரிமம் பெற்ற வங்கிகளில் ஒருவருக்கு 1,00,000 வெள்ளி வரை வைப்புத்தொகைக் காப்பீடு உண்டு. பங்குகளுக்கு அப்படி எந்தக் காப்பீடும் கிடையாது, இதை முதலிலேயே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கான 6,000 வெள்ளிக்குச் சிங்கப்பூர் சேமிப்புப் பத்திரம் பொருத்தமாக இருக்கும். அரசாங்கம் மாதந்தோறும் வெளியிடுகிறது. குறைந்தது 500 வெள்ளி, ஒருவர் அதிகபட்சம் 2,00,000 வெள்ளி வரை வைத்திருக்கலாம். பத்து ஆண்டுப் பத்திரம் என்றாலும் எந்த மாதம் வேண்டுமானாலும் திருப்பிக் கொடுத்துப் பணத்தை எடுக்கலாம், அபராதம் இல்லை, 2 வெள்ளி கட்டணம் மட்டும். வட்டி மாதத்துக்கு மாதம் மாறும், ஆனால் நீங்கள் வாங்கிய மாதத்தில் சொன்ன வட்டி உங்களுக்கு அப்படியே நிற்கும்.

சரி, இப்போது பங்குக்கு வருவோம்.

பங்கு என்பது ஒரு தொழிலில் உங்களுக்கு இருக்கும் சிறு உடைமை. திரையில் பச்சையும் சிவப்புமாக ஓடும் எண்களைப் பார்த்துப் பார்த்து இது மறந்துபோகிறது. ஷெங் சியோங் 2011இல் சந்தைக்கு வந்த பேரங்காடி நிறுவனம். அதன் பங்கை வாங்கினால், வீவக (அரசு அடுக்குமாடி வீடுகள்) புளோக்குகளுக்குக் கீழே இருக்கும் அந்தக் கடைகளில் விற்கும் அரிசி, மீன், சோப்புத்தூள் எல்லாவற்றின் லாபத்திலும் உங்களுக்கு ஒரு துளி உண்டு. கடைக்குள் நடந்து பார்த்தாலே தொழில் எப்படி ஓடுகிறது என்று ஓரளவு தெரியும். எல்லாத் தொழிலும் இப்படி வெளிப்படையாக இருக்காது. பேருந்து ஓட்டும் எஸ்பிஎஸ் டிரான்சிட் நிறுவனத்தின் பங்கை எடுத்துக்கொள்ளுங்கள். பேருந்தில் கூட்டம் அதிகம், கட்டணமும் ஏறியிருக்கிறது, அப்படியானால் நிறுவனத்துக்கு நல்ல வரவு என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் 2016 முதல் பேருந்துச் சேவை குத்தகை முறைக்கு மாறிவிட்டது. நாம் அட்டையைத் தட்டிக் கட்டும் பணம் அரசாங்கத்துக்குப் போகிறது, பேருந்தை ஓட்டும் நிறுவனத்துக்கு ஒப்பந்தப்படி சேவைக் கட்டணம்தான் வரும். குத்தகையை ஏலத்தில் இழந்தால் அந்த வரவும் போய்விடும். பங்கு வாங்குவதற்கு முன் “இந்த நிறுவனத்துக்கு யார், எதற்காகப் பணம் கொடுக்கிறார்கள்” என்று ஒரு பத்தியில் உங்களால் எழுத முடிய வேண்டும். எழுத முடியவில்லை என்றால் வாங்க வேண்டாம். ஆண்டறிக்கைகள் எல்லாம் சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையின் இணையப் பக்கத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

தொழில் ஒன்று, விலை இன்னொன்று. விலை என்பது இந்த நிமிடத்தில் விற்க வந்தவரும் வாங்க வந்தவரும் ஒத்துக்கொண்ட தொகை, அவ்வளவுதான். அது எவ்வளவு தூரம் ஆடும் என்பதற்கு நம் ஊர்க் குறியீட்டையே பார்க்கலாம். ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் குறியீடு, எஸ்டிஐ என்பார்கள், சந்தையின் பெரிய நிறுவனங்கள் முப்பதின் விலைப்போக்கைக் காட்டும் எண். 2007 அக்டோபரில் அது 3,800ஐத் தாண்டியது. 2009 மார்ச்சில் 1,500க்குக் கீழே வந்தது. பதினேழே மாதங்களில் 60 விழுக்காட்டுக்கும் மேல் சரிவு. 2007இன் உச்சத்தைத் திரும்பத் தாண்ட 17 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று, 4,000 என்ற எண்ணை 2025இல்தான் முதன்முறையாகத் தொட்டது. நீண்டகாலம் வைத்திருந்தால் பங்கு ஏறிவிடும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்பவர்கள் இந்தப் பதினேழு ஆண்டைச் சொல்வதில்லை.

ஆனால் அந்தக் கதையில் இன்னும் இரண்டு விஷயங்கள் உண்டு. குறியீட்டு எண்ணில் ஈவுத்தொகை சேராது. எஸ்டிஐ நிறுவனங்கள் பெரும்பாலான ஆண்டுகளில் 3 முதல் 4 விழுக்காடு அளவுக்கு ஈவுத்தொகை கொடுத்து வந்திருக்கின்றன, அதைத் திரும்பவும் போட்டு வைத்தவரின் கணக்கு எண் காட்டுவதைவிட நன்றாகவே இருந்தது. இன்னொன்று, உச்சத்தில் மொத்தமாகப் போட்டவருக்குத்தான் 17 ஆண்டு. மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கியவர் 3,800இலும் வாங்கினார், 1,500இலும் வாங்கினார். 2009இல் அவருக்கு அதே பணத்துக்கு இரண்டு மடங்குக்கு மேல் பங்கு கிடைத்தது. உங்களுக்கு மாதம் 300 வெள்ளி என்று நான் சொன்னதற்கு இதுதான் காரணம்.

என் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் 2007இல் 60,000 வெள்ளியை வங்கிப் பங்குகளில் போட்டார். மோசமான பங்கு எதுவும் இல்லை. ஆனால் 2009 தொடக்கத்தில் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார், மண்டபத்துக்கு முன்பணமும் கொடுத்தாகிவிட்டது. அந்தப் பிப்ரவரியில் பாதி விலைகூடத் தேறாமல் விற்றார். விற்ற அன்று மாலை மின்தூக்கியில் பார்த்தேன், ஒரு வார்த்தை பேசவில்லை. அதே பங்குகள் பின்னால் அவர் வாங்கிய விலையைத் தாண்டி வெகுதூரம் போயின. அவர் வாங்கியபோது நான் தடுக்கவில்லை என்பது இன்றுவரை எனக்கு உறுத்தல். பங்கு நல்லதா என்று அவர் கேட்டார், நல்லது என்றேன். பணம் எப்போது வேண்டும் என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

இனி நடைமுறை. பங்கு வாங்க இரண்டு கணக்குகள் வேண்டும். ஒன்று தரகு நிறுவனத்தில், வாங்கவும் விற்கவும். இன்னொன்று பங்குகளை வைத்திருக்க. அதற்கு சிடிபி என்ற மத்திய வைப்பகக் கணக்கைத் திறந்தால் பங்குகள் உங்கள் பெயரிலேயே இருக்கும். 18 வயது ஆகியிருந்தால் போதும், அரசின் மின்னடையாளமான சிங்பாஸ் வழியாகவே விண்ணப்பிக்கலாம். வேலை அனுமதியில் இருக்கும் வெளிநாட்டவரும் திறக்கலாம். கைப்பேசிச் செயலிகளில் பலவும் சிடிபியைப் பயன்படுத்துவதில்லை, பங்குகளை அந்த நிறுவனமே உங்கள் சார்பில் வைத்திருக்கும். அதில் தரகு மலிவு. ஆனால் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு நேரே போய் உட்காரும் உரிமைக்கு அந்த நிறுவனத்தின் வழியாகத்தான் கேட்க வேண்டும். நீண்டகாலம் வைத்திருக்கும் சிங்கப்பூர்ப் பங்குகளுக்கு நான் சிடிபியைத்தான் சொல்வேன். ஒரு முறையாவது பொதுக்கூட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். 100 பங்கு வைத்திருப்பவரும் எழுந்து நின்று தலைவரிடம் கேள்வி கேட்கலாம். வெள்ளைத் தலைமுடிப் பாட்டிகள் கடன் விகிதத்தைப் பற்றிக் கேட்கும் கேள்விகளில் நான் கற்றது அதிகம்.

சந்தை காலை 9 மணியிலிருந்து 12 வரை, பிறகு 1 மணியிலிருந்து 5 வரை. வாங்கும் அளவு ஒரு கட்டு, அதாவது ‘லாட்’. முன்பு ஒரு கட்டுக்கு 1,000 பங்கு இருந்தது, 2015 சனவரியில் அதை 100ஆகக் குறைத்தார்கள். அதற்கு முன் சாதாரணச் சம்பளக்காரரால் வங்கிப் பங்கை நெருங்கவே முடியாது. 100 பங்குக் கட்டில்கூட ஒரு பங்கு 50 வெள்ளி என்றால் 5,000 வெள்ளி ஆகிறது, உங்கள் 3,000 போதாது. அடுத்தது கட்டணம். வங்கிசார்ந்த தரகு நிறுவனங்கள் பலவற்றில் குறைந்தபட்சத் தரகு ஏறக்குறைய 25 வெள்ளி. 5,000 வெள்ளிக்கு வாங்கினால் அது அரை விழுக்காடு. 500 வெள்ளிக்கு வாங்கினால் 5 விழுக்காடு, ஓர் ஆண்டு ஈவுத்தொகையை வாங்கும்போதே கொடுத்துவிடுகிறீர்கள். இதற்கு மேல் சந்தைக்கான சிறு கட்டணங்களும் ஜிஎஸ்டியும் உண்டு. சின்னத் தொகையில் அடிக்கடி வாங்கி விற்பவரின் பணம் கட்டணமாகவே கரைந்துபோகும். அந்தக் கட்டணத்தில் வாழ்ந்தவன் சொல்கிறேன், நம்புங்கள்.

அப்புறம் கான்ட்ரா. பங்கு வாங்கினால் இரண்டு வேலை நாள் கழித்துப் பணம் கட்ட வேண்டும். அதற்குள் விற்றுவிட்டால், வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் கொடுத்தோ வாங்கியோ தீர்த்துக்கொள்ளும் வசதிதான் கான்ட்ரா. கையில் 2,000 வெள்ளி இருப்பவர் 40,000 வெள்ளிக்கு வாங்க முடிகிறது. நான் முதலில் சொன்ன தேதிக் கணக்கில் இதற்கு மிஞ்சிய ஆபத்து கிடையாது, பணத்துக்கு இரண்டே நாள் கெடு. 2013 அக்டோபரில் புளூமோன்ட், ஏசியாசன்ஸ், லயன்கோல்ட் என்ற மூன்று பங்குகளும் சில நாட்களில் நொறுங்கின, ஏறக்குறைய 800 கோடி வெள்ளி சந்தை மதிப்பு காணாமல் போயிற்று. கள்ளத்தனமாக விலையை ஏற்றி வைத்திருந்தது பின்னால் நீதிமன்றத்தில் நிரூபணமானது. 2022 டிசம்பரில் முதன்மைக் குற்றவாளிக்கு 36 ஆண்டுச் சிறை விதித்தார்கள். ஆனால் அந்த வாரம் என் மேசைத் தொலைபேசியில் அழுதவர்களுக்கு அந்தத் தீர்ப்பால் ஒரு காசும் திரும்பவில்லை. புதிதாக வருகிறவர் கையிலுள்ள காசுக்கு மட்டும் வாங்கும் கணக்கைத் திறந்தால் போதும்.

உங்கள் 9 விழுக்காடு ஈவுத்தொகைப் பங்குக்கு வருகிறேன். ஈவுத்தொகை விழுக்காடு என்பது கடந்த ஆண்டு கொடுத்ததை இன்றைய விலையால் வகுத்து வருவது. ஒரு பங்கு 1 வெள்ளியாக இருந்தபோது 4.5 காசு கொடுத்தது என்றால் 4.5 விழுக்காடு. நிறுவனத்துக்குக் கஷ்டம் என்று விலை 50 காசுக்கு இறங்கினால் அதே 4.5 காசு திரையில் 9 விழுக்காடாகத் தெரியும். அடுத்த ஆண்டு அந்த 4.5 காசும் வராமல் போகலாம். ஆகவே விழுக்காடு பெரிதாக இருந்தால், வரவு கூடியதா, விலை விழுந்ததா என்று முதலில் பாருங்கள். வங்கிகளின் ஈவுத்தொகைகூட உறுதி கிடையாது. 2020இல் கொவிட் வந்தபோது சிங்கப்பூர் நாணய ஆணையம் உள்ளூர் வங்கிகளிடம், முந்தைய ஆண்டு கொடுத்ததில் 60 விழுக்காட்டுக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது.

இதில் நம் ஊர் மறக்கக்கூடாத பெயர் ஹைஃபிளக்ஸ். தண்ணீரைச் சுத்திகரிக்கும் நிறுவனம், நாட்டுக்கே பெருமை என்று பேசப்பட்டது. 2016இல் ஆண்டுக்கு 6 விழுக்காடு தரும் நிரந்தரப் பத்திரங்களைப் பொதுமக்களுக்கு விற்றார்கள், ஏடிஎம் இயந்திரத்திலேயே விண்ணப்பிக்கலாம். ஓய்வுபெற்றவர்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். 2018 மே மாதம் நிறுவனம் கடன் கொடுத்தவர்களிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்பைக் கேட்டது. அந்தப் பத்திரங்களிலும் முன்னுரிமைப் பங்குகளிலும் ஏறக்குறைய 34,000 சாதாரண முதலீட்டாளர்களின் 90 கோடி வெள்ளி மாட்டிக்கொண்டது. ‘நிரந்தரம்’ என்ற சொல்லைப் பலர் ‘நிரந்தர வருமானம்’ என்று புரிந்துகொண்டார்கள். முதலைத் திருப்பிக் கொடுக்கத் தேதியே இல்லை என்பதுதான் அதன் பொருள். 70 வயதில் மருத்துவச் செலவுக்கு வைத்திருந்த பணம் தேதியே இல்லாத ஒரு காகிதத்துக்குப் போனது. எனக்குத் தெரிந்த ஓர் அக்கா அதில் ஓய்வுக்காலச் சேமிப்பில் பாதியைப் போட்டிருந்தார். அதைப் பற்றி எழுதும்போது இப்போதும் மனம் கனக்கிறது.

ரீட் எனப்படும் சொத்து அறக்கட்டளைகளைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். கடைத்தொகுதி, அலுவலகம், கிடங்கு போன்றவற்றை வாங்கி வாடகை வசூலித்து, வரிக்கு உட்பட்ட வருமானத்தில் குறைந்தது 90 விழுக்காட்டை வைத்திருப்பவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் அமைப்பு. சிங்கப்பூரில் முதல் ரீட் 2002இல் வந்தது. உங்கள் வீட்டுப் பக்கத்திலுள்ள காஸ்வே பாயிண்ட் கடைத்தொகுதியும் ஒரு ரீட்டுக்குச் சொந்தமானதுதான். நல்ல வழி, ஆனால் வருமானத்தில் பெரும்பகுதியைக் கொடுத்துவிடுவதால் புதிய கட்டடம் வாங்கக் கடனோ புதுப் பங்கோதான் வழி. வட்டி ஏறினால் அவர்களுக்கு நெருக்கடி. கடன் விகிதம் என்ன என்று பார்க்காமல் வாங்காதீர்கள்.

புதுப் பங்கு என்றதும் நினைவுக்கு வருகிறது, இதைப் பலர் சொல்லிக்கொடுக்க மாட்டார்கள். நிறுவனத்துக்குப் பணம் தேவைப்பட்டால் ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவர்களுக்கு மலிவான விலையில் உரிமைப் பங்குகள் கொடுக்கும். 2008 டிசம்பரில் டிபிஎஸ் வங்கி இரண்டு பங்குக்கு ஒன்று வீதம் 5.42 வெள்ளிக்குக் கொடுத்தது. 2020இல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இரண்டு பங்குக்கு மூன்று வீதம் 3 வெள்ளிக்குக் கொடுத்தது. 1,000 ஏர்லைன்ஸ் பங்கு வைத்திருந்தவர் முழு உரிமையையும் எடுக்க 4,500 வெள்ளி வேண்டும், அதுவும் எல்லோருக்கும் வேலை போய்விடுமோ என்ற பயம் இருந்த நேரத்தில். பணம் இல்லை என்றால் அந்த உரிமையைச் சந்தையில் விற்கவாவது செய்யலாம், அதற்குச் சில நாட்கள் அவகாசம் உண்டு. ஆனால் வந்த கடிதத்தைப் பிரிக்காமல் மேசை இழுப்பறையில் போட்டுவைத்தவர்களுக்கு உரிமை காலாவதியாகிப் போயிற்று, வைத்திருந்த பங்கின் மதிப்பும் நீர்த்துப்போனது. சிடிபியிலிருந்து வரும் கடிதத்தை அன்றே பிரித்துப் படியுங்கள்.

நண்பர் சொன்ன அமெரிக்கப் பங்குகளில் தவறில்லை. உலகின் பெரிய நிறுவனங்கள் அங்குதான் இருக்கின்றன. ஆனால் வரி வேறு. சிங்கப்பூர் நிறுவனம் தரும் ஈவுத்தொகைக்குத் தனிநபருக்கு வரி இல்லை, பங்கை விற்று வரும் ஆதாயத்துக்கும் சாதாரண முதலீட்டாளருக்கு வரி இல்லை. அமெரிக்க நிறுவனம் தரும் ஈவுத்தொகையில் 30 விழுக்காட்டை அங்கேயே பிடித்துக்கொண்டுதான் அனுப்புவார்கள். அமெரிக்கர் அல்லாதவர் இறந்துபோனால், அவர் பெயரில் 60,000 அமெரிக்க டாலருக்கு மேல் அமெரிக்கப் பங்கு இருந்தால் அங்கே மரணச் சொத்து வரியும் உண்டு. போதாக்குறைக்கு நாணய மாற்று விகிதமும் ஏறி இறங்கும். உங்கள் தொகை இன்னும் சின்னது, இதெல்லாம் பிறகு பார்க்கலாம்.

மசேநி (மத்திய சேம நிதி) பணத்தைப் பங்கில் போடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ஆறு மாதத்தில் யாராவது சொல்வார்கள். சாதாரணக் கணக்கில் முதல் 20,000 வெள்ளியைத் தொட முடியாது, அதற்கு மேலும் முதலீடு செய்யக்கூடிய சேமிப்பில் 35 விழுக்காடு வரைதான் பங்குகளுக்குப் போகலாம். அந்தக் கணக்கு 2.5 விழுக்காடு வட்டியை எந்த ஆட்டமும் இல்லாமல் தருகிறது. வீட்டுக்குத் தவணை கட்டப்போவதும் அதே பணம்தான். தேதி குறித்த பணம், விட்டுவிடுங்கள்.

அப்படியானால் எதை வாங்குவது? உங்கள் 3,000 வெள்ளிக்கும் மாதம் 300க்கும் நான் சொல்வது எஸ்டிஐயைப் பின்தொடரும் இடிஎஃப். அது ஒரு கூடை, ஒரு முறை வாங்கினால் முப்பது நிறுவனங்களிலும் கொஞ்சம் கொஞ்சம் உங்களுக்குச் சொந்தம். 2002 முதலே சந்தையில் இருக்கிறது, 2009இல் இன்னொன்றும் வந்தது. வங்கிகளின் மாதாந்திரச் சேமிப்புத் திட்டங்களில் 100 வெள்ளியிலிருந்தே போடலாம், உங்கள் கணக்கிலிருந்து தானாகக் கழியும். ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் கூடையில் பாதியளவு மூன்று வங்கிகள்தான்: டிபிஎஸ், ஓசிபிசி, யுஓபி. முப்பது நிறுவனம் என்ற எண்ணிக்கையைப் பார்த்து எல்லாத் தொழிலும் சமமாக இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். இரண்டு ஆண்டு கழித்து உலகச் சந்தைகளைப் பின்தொடரும் கூடை ஒன்றையும் சேர்த்துக்கொண்டால் அந்தச் சாய்வு குறையும். தனிப் பங்கு வாங்கும் ஆசை வந்தால், நான் மேலே சொன்ன ஒரு பத்தியை எழுதிவிட்டு, மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்குள் வாங்கிப் பழகுங்கள்.

அந்த டெலிகிராம் குழுவிலிருந்து இன்றே வெளியே வாருங்கள். பங்கின் பெயரை இலவசமாகச் சொல்வார்கள், பிறகு ஒரு செயலியைப் பதிவிறக்கச் சொல்வார்கள், அதில் உங்கள் பணம் வளர்வதுபோலத் தெரியும், எடுக்கப் போகும்போது ‘வரி கட்டு’ என்பார்கள். நாணய ஆணையத்தின் நிதி நிறுவனப் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள், முதலீட்டாளர் எச்சரிக்கைப் பட்டியலையும் பாருங்கள். சந்தேகம் என்றால் 1799க்கு அழையுங்கள், மோசடித் தடுப்பு உதவி எண். பணம் அனுப்பிய பிறகு அழைப்பதைவிட முன்பே அழைப்பது நல்லது.

அம்மாவின் நகையை நான் மறுக்க மாட்டேன். கல்யாணத்துக்கு நகை வேண்டும், அதற்கும் ஒரு தேதி இருக்கிறது, மாதம் ஒதுக்கும் வீட்டுப் பணத்தில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் செய்கூலியும் சேதாரமும் கொடுத்து வாங்கிய நகையை விற்கும்போது தங்கத்தின் விலைதான் வரும். அதனால் போட்டுக்கொள்வதற்கு வாங்கும் நகையை முதலீட்டுக் கணக்கில் எழுத வேண்டாம்.

கடைசியாக ஒன்று, வீட்டில் பேசவேண்டியது. 1993இல் தொலைபேசி நிறுவனமான சிங்டெல் சந்தைக்கு வந்தபோது மசேநி உறுப்பினர்களுக்குச் சலுகை விலையில் பங்கு கொடுத்தார்கள், நம் வீடுகளில் பலர் அன்றுதான் முதன்முதலாகப் பங்குதாரர் ஆனார்கள். உங்கள் தாத்தாவோ பாட்டியோ வாங்கியிருக்கலாம், கேட்டுப் பாருங்கள். உங்கள் கணக்கைத் திறந்ததும் அப்பா அம்மாவிடமும் கல்யாணத்துக்குப் பின் மனைவியிடமும் எங்கே என்ன இருக்கிறது என்று எழுதிக் கொடுங்கள். மசேநிக்குச் செய்யும் வாரிசு நியமனம் சிடிபியில் இருக்கும் பங்குகளைச் சேராது. அவற்றுக்கு உயில் எழுத வேண்டும், உயில் இல்லை என்றால் சட்டப்படி பங்கு பிரிப்பார்கள், அதற்கு முன் அப்படி ஒரு கணக்கு இருப்பதே குடும்பத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் வாடிக்கையாளர் ஒருவர் இறந்து நான்கு ஆண்டு கழித்து, பழைய சூட்கேஸில் கிடந்த ஒரு கணக்கறிக்கையோடு அவருடைய மகள் என்னைத் தேடி வந்தார். அந்த நான்கு ஆண்டும் அவர் இரண்டு வேலை பார்த்துக் கல்விக் கடனைக் கட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.